விலக்கும் விடாயும்: வளரிளம் பெண்களின் உடல்நலமும் தன்மதிப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், பாரிவாக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டத்திற்கு இன்று பத்து வயது நிறைகிறது. பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்தன. அந்தக் கணக்கின்படி பத்து வயது என்பது பெதும்பைப் பருவம். அடுத்து வருவது மங்கை. பன்னிரண்டும் பதின்மூன்றும் அதற்குரிய வயது. அதற்கடுத்து மடந்தை, பதினான்கு முதல் பத்தொன்பது வரை. நூலுக்கு நூல் எல்லை சற்றே வேறுபடினும் இதுவே பெருவழக்கு. உலக நலவாழ்வு நிறுவனம் 10 முதல் 19 வரையுள்ள வயதை வளரிளம் பருவம் என்கிறது. பெதும்பையின் கடைசிப் படியில் தொடங்கி மடந்தையின் எல்லையில் முடிகின்ற இந்தப் பத்தாண்டுகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

"இது மருத்துவர் பேச வேண்டிய பொருளாயிற்றே, தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். உடலைப் பற்றி மருத்துவர் பேசட்டும். ஆனால் அந்த உடலைக் குறிக்கும் சொல் மருத்துவமனையில் பிறப்பதில்லை. அது வீட்டில் பிறக்கிறது; தெருவில் வளர்கிறது; பாட்டிலும் கதையிலும் நிலைபெறுகிறது. ஒரு சிறுமி தன் உடலைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது, அதைக் குறிக்க நாம் அவளுக்கு என்ன சொல்லைக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. சொல் நம் துறை. ஆகவே இது நம் பொறுப்பு.

பாரி மகளிர்

பாரிவாக்கம் என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறவர்கள் பாரி மகளிர். தந்தையையும் குன்றையும் இழந்த அந்த இளம்பெண்கள் இருவரும் பாடியதாகப் புறநானூற்றில் ஒரே ஒரு பாட்டு இருக்கிறது, 112ஆம் பாட்டு, ஐந்தே அடிகள். உலக இலக்கியத்தில் மணமாகாத இளம்பெண்கள் தம் குரலில் தம் இழப்பைச் சொன்ன மிகப் பழைய பாடல்களுள் ஒன்றாக அதனைக் கொண்டாடலாம். ஆனால் அந்த ஐந்து அடிகளுக்குப் பின் அவர்கள் பேசவில்லை. அவர்களை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோவிடம் செல்கிறார், இருங்கோவேளிடம் செல்கிறார், அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டுகிறார். அதன்பின் அவர்கள் கதையை மற்றவர்களே சொல்கிறார்கள். பிற்கால மரபு அங்கவை, சங்கவை என்று அவர்களுக்குப் பெயரும் சூட்டியது.

அந்தப் பெயர்களுக்கு நம் காலத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'சிவாஜி' திரைப்படத்தில், கரிய நிறத்தைக் காட்டிக் கேலி செய்வதற்கென்றே படைக்கப்பட்ட இரண்டு இளம்பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயரிட்டார்கள். தமிழன்பர்கள் பலர் கண்டித்தார்கள். அவர்கள் கண்டித்தது பெரும்பாலும் பாரி மகளிரின் பெயர் இழிவுற்றதைத்தான். அந்தக் காட்சியைத் திரையரங்கில் பார்த்த கரிய நிறச் சிறுமி ஒருத்தியின் நெஞ்சுக்குள் என்ன நிகழ்ந்திருக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. பன்னிரண்டு வயதில் நிறம், உயரம், பரு, பல்வரிசை, மார்பின் வளர்ச்சி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தேர்வுத்தாள். அரங்கம் சிரித்தபோது அவள் அந்தத் தேர்வில் தோற்றாள்.

சுயமரியாதை என்ற சொல்லுக்கு 1925 முதல் ஓர் இயக்கமே கண்ட நாடு நம்முடையது. அந்தச் சொல்லை நாம் மேடைக்குக் கொடுத்தோம், நூலுக்குக் கொடுத்தோம். நம் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிற்குக் கொடுத்தோமா என்பதே என் கேள்வி.

ஒரு நிகழ்வுக்கு எத்தனை பெயர்கள்

நம் பக்கத்து நகரின் செவ்விய பெயர் பூவிருந்தவல்லி. பெண் உடலில் நிகழும் இந்த மாற்றத்திற்கும் தமிழ் முதலில் பூவின் பெயரையே வைத்தது, பூப்பு என்றது. செடி பூப்பதைப் போல இயல்பாக நிகழ்வது என்னும் பொருள் அதில் இருக்கிறது. வெட்கம் அதில் இல்லை.

என் வகுப்பில் முதலாமாண்டு மாணவியரிடம் ஒருமுறை, உங்கள் வீடுகளில் இதற்கு என்ன சொல் வழங்குகிறது, பெயர் குறிப்பிடாமல் ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்றேன். வயதுக்கு வந்தாள், பெரியவளானாள், ஆளானாள், சமைந்தாள், சடங்கானாள், உட்கார்ந்துவிட்டாள், குச்சிலில் இருக்கிறாள் என்று முதற்பூப்பிற்கு ஒரு வரிசை வந்தது. ஈழத்துத் தமிழர் சாமத்தியப்படுதல் என்பர். மாதந்தோறும் வருவதற்கு வேறொரு வரிசை: தூரம், தீட்டு, விலக்கு, வீட்டுக்கு விலக்கு, வீட்டில் இல்லை. 'பீரியட்ஸ்', 'டேட்' என்று எழுதியவர்களும் உண்டு. ஆங்கிலச் சொல்லை ஏன் எழுதினாய் என்று கேட்டேன். "அதைச் சொன்னால் அசிங்கமாகத் தோன்றவில்லை அம்மா" என்றாள் ஒரு பெண். தமிழ்ச்சொல் அவளுக்கு அசிங்கமாகத் தோன்றியதற்குத் தமிழ் காரணமன்று. அந்தச் சொல்லோடு சேர்த்து அவளுக்குக் காட்டப்பட்ட முகச்சுளிப்பே காரணம். அயற்சொல்லோடு பாட்டியின் முகச்சுளிப்பு வரவில்லை. அதனால் அது தூய்மையாகத் தோன்றுகிறது.

இவ்வரிசையில் இரண்டு சொற்களை மட்டும் எடுத்து உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று மாதவிலக்கு. மற்றொன்று மாதவிடாய். ஒரே பொருளைத் தரும் இரு சொற்களாக இவற்றை நாம் வழங்குகிறோம். ஆனால் விலக்கு என்பது மற்றவர்கள் அவளுக்குச் செய்வது. விடாய் என்றால் களைப்பு, நீர்வேட்கை. அது அவள் உணர்வது. முதற்சொல் அவளை வெளியிலிருந்து பார்த்து 'தள்ளி நில்' என்கிறது. இரண்டாம் சொல் அவள் அருகில் வந்து 'களைத்திருக்கிறாயா, தண்ணீர் வேண்டுமா' என்று கேட்கிறது. விலக்கு என்ற சொல்லில் வளர்ந்த பெண்ணும் விடாய் என்ற சொல்லில் வளர்ந்த பெண்ணும் தம் உடலை ஒரே விதமாக எண்ணுவார்களா?

பழைய நூல்களின் சான்று

பழந்தமிழர் இதைப் பேசாது மறைத்தனர் என்று எண்ணுவதும் சரியன்று. தொல்காப்பியம் கற்பியலில், பூப்பிற்குப் பின்வரும் பன்னிரண்டு நாள்கள் தலைவன் தலைவியைப் பிரிந்திருத்தல் ஆகாது என்று விதிக்கிறது. கருவுறும் காலத்தைக் கருதியே இவ்விதி அமைந்தது என்று உரையாளர்கள் விளக்குவர். அகவாழ்வின் இலக்கணத்தைச் சொல்லும் நூல், தயக்கமின்றிப் பூப்பு என்ற சொல்லை நூற்பாவில் வைத்தது. இதை ஆசிரியரும் மாணவரும் வகுப்பில் ஒருவரையொருவர் நோக்கிப் படிக்கலாம், படித்திருக்கிறோம்.

ஒதுக்கி வைத்தலும் பழமையானதே. புறநானூற்றின் 299ஆம் பாடலில், செழிப்பாய் வளர்க்கப்பட்ட வேந்தனின் குதிரைகள் போர்க்களத்தில் பின்வாங்கி நின்ற நிலைக்கு, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் பெண்கள் உவமையாகிறார்கள். பாடியவர் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர். அக்காலத்துப் பெண்ணுக்கே அந்த ஒடுங்கி நிற்றல் பழகிய காட்சியாய், எடுத்தாளத்தக்க உவமையாய் இருந்திருக்கிறது.

இரண்டு பாடங்களிலும் ஒரு பொதுமை உண்டு. முன்னது மகப்பேற்றை நோக்கிப் பேசுகிறது. பின்னது ஒதுங்கி நிற்கும் தோற்றத்தைப் பேசுகிறது. நிற்கின்றவளின் வயிற்றுவலியை எதுவும் பேசவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதப்படாத பகுதி அது.

சொல் கொல்லும்

'சொல்லில் என்ன இருக்கிறது' என்று கடந்துவிட முடியாதபடி, அண்மை ஆண்டுகளில் நம் மாநிலத்தில் நிகழ்ந்தவை மூன்று.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். சீருடையில் பட்ட மாதவிடாய்க் கறைக்காக வகுப்பில் அவமதிக்கப்பட்டதே காரணம் என்று செய்திகள் கூறின.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அந்த இரவில் பட்டுக்கோட்டைப் பகுதியில் பள்ளிச்சிறுமி ஒருத்தி, பூப்பெய்தியிருந்த காரணத்தால், வீட்டிற்கு வெளியே தனிக்குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்தாள். குடிசையின்மேல் தென்னை சாய்ந்தது, அவள் இறந்தாள். புயல் வரும் என்று வானிலை மையம் முன்னரே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையைவிடத் தீட்டு என்ற சொல்லுக்கு வலிமை மிகுதியாயிருந்தது.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி, மாதவிடாய்க் காலத்தில் இருந்ததால், வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுதினாள். அவள் தாய் அக்காட்சியைக் கைப்பேசியில் பதிவு செய்தார். நாடு பார்த்தது. கல்வித்துறை விசாரித்தது, தலைமையாசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இம்மூன்று நிகழ்வுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றமும் புலப்படும். மூன்றாவது நிகழ்வில் ஒரு தாய் பேசினார். 'இது தவறு' என்று சொல்ல அவருக்குச் சொல் இருந்தது. அந்த மகள் இன்று நம்மிடையே இருக்கிறாள்.

வெட்கம் நோயாகும் வழி

உடல்நலமும் தன்மதிப்பும் இருவேறு தலைப்புகள் அல்ல என்பதை இனிக் காட்டுகிறேன். துணி பயன்படுத்தும் பெண், அதைச் சோப்பிட்டு அலசி வெயிலில் உலர்த்தினால் தீங்கில்லை. யார் கண்ணிலும் படக்கூடாது என்று மற்ற ஆடைகளின் அடியில், இருண்ட மூலையில் ஈரத்தோடு மறைத்து வைக்கும்போதுதான் தொற்று வருகிறது. பள்ளியில் கழிப்பறைக்குச் செல்லக் கேட்க நாணும் பெண், காலை முதல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்துகிறாள். சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறாள். நாப்கினை ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்வது அவள் காதுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் மாற்ற இடமில்லை. மிகுதியான குருதிப்போக்கைச் சொல்ல நாணுபவள் ஆண்டுக்கணக்கில் இரத்தச்சோகையோடு நடமாடுகிறாள். இங்கெல்லாம் நோய்க்கு வித்து கிருமி மட்டுமன்று, வெட்கமும்தான்.

எனவே ஒவ்வொரு சிறுமியும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை எளிய தமிழில் சொல்கிறேன். இங்குள்ள தந்தையரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மாதவிடாய் பெரும்பாலும் 10 முதல் 15 வயதிற்குள் வரும். தோழிக்கு வந்து தனக்கு வராவிடில் குறையில்லை. 15 வயது நிறைந்தும் வராவிடில் மருத்துவரைக் காண வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் மாதந்தோறும் ஒழுங்காக வராமல் முன்பின்னாக வருவது இயல்பு. இரண்டு முதல் ஏழு நாள் வரை குருதிப்போக்கு இருக்கலாம். வெளியேறுவது 'கெட்ட இரத்தம்' அன்று. கருப்பையின் உட்படலம் குருதியோடு சேர்ந்து வெளியேறுகிறது, அவ்வளவே. அதன் அளவு பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர். இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு. 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அது மிகுதி. ஒன்றிரண்டு மணிக்கொருமுறை நாப்கின் நனைந்துவிட்டாலும், பள்ளிக்குச் செல்ல முடியாதவாறு வலித்தாலும், 'பெண் என்றால் அப்படித்தான்' என்று சொல்லி விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். துர்நாற்றமோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதலும் இயல்பானதே.

அடுத்து இரத்தச்சோகை. 2019–21 காலத்தில் நடத்தப்பெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். தமிழ்நாட்டிலும் பாதிப்பேருக்கு மேல். இரத்தச்சோகையின் அறிகுறிகள் யாவை? சோர்வு, கவனமின்மை, படியேறினால் மூச்சுவாங்குதல். இத்தகைய பெண்ணை நம் வீடுகளில் என்ன சொல்லி அழைக்கிறோம்? 'சோம்பேறி' என்கிறோம். ஒரு நோயை ஒரு குணமாகப் பெயர்மாற்றி விடுகிறோம். அவளும் அதை நம்பிவிடுகிறாள். இரும்புச்சத்து மாத்திரையும், முருங்கைக் கீரையும், அதனோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ, உணவையொட்டித் தேநீர் காப்பி அருந்தாமையும் தீர்த்துவைக்கக்கூடிய ஒன்றிற்காக, அவள் தன்னைத் தகுதியற்றவள் என்று முடிவு கட்டிக்கொள்கிறாள்.

நம் வழக்கங்கள் யாவும் தீயவை என்று நான் சொல்லவில்லை. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்த பாட்டிமார் ஊட்டச்சத்தின் தேவையை உணர்ந்தவர்களே. ஆனால் அந்தப் பதினாறு நாள் முடிந்ததும் முட்டை அண்ணன் தட்டுக்குப் போய்விடுகிறது. சீர்வரிசைத் தட்டுகளை எண்ணிப் பார்க்கும் நாம், அதற்கடுத்த மாதத்திலிருந்து அவள் தட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. வீதிமுனையில் அவள் படத்தைப் பேரளவில் அச்சிட்டு மஞ்சள் நீராட்டு விழாப் பதாகை கட்டுகிறோம். அவள் உடலில் நிகழ்ந்ததை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம். அவளிடம் மட்டும் அதை விளக்குவதில்லை. மறுநாள் அந்தப் பதாகையைக் கடந்து அவள் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

'பெரியவளானாள்' என்ற சொல்லும் ஆராயத்தக்கது. முதற்பூப்பு வளர்ச்சியின் முடிவன்று. இடைப்பட்ட ஒரு படி. எலும்பும் இடுப்பும் மனமும் அதன்பின்னும் வளர்கின்றன. ஆனால் 'பெரியவள்' என்று சொன்னவுடன் மணப்பேச்சு தொடங்குகிறது. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 ஆக்கியது. 1978இல் அது 18 ஆயிற்று. ஆயினும் மேற்சொன்ன ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களுள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் 18 வயது நிறையுமுன் மணம் செய்விக்கப்பட்டவர். வளர்ச்சி நிறையாத உடலில் கருவுறுதல் தாய்க்கும் இடர். எடை குறைந்து பிறக்கும் சேய்க்கும் இடர். சட்டம் எண்ணைச் சொல்கிறது. வீடு இன்னும் சொல்லை நம்புகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் உடலின் உறுப்புகளுக்கு நாணமின்றிச் சொல்லத்தக்க பெயர் அறியாத சிறுமி, யாரேனும் தகாத முறையில் தொட்டால் அதை எவ்வாறு சொல்வாள்? 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவளைக் காக்க இருக்கிறது. 1098 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை அழைத்தபின் பேசுவதற்கு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தை வீடும் பள்ளியும் முன்னரே அவளுக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

பொருள் வந்தது, சொல் வரவில்லை

அரசும் தனிமனிதரும் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நன்றியின்மை. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், குறைந்த விலையில் நாப்கின் செய்யும் எந்திரத்தை ஊராரின் ஏளனத்திற்கிடையே உருவாக்கினார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழக அரசு 2012இல் புது யுகம் என்ற திட்டத்தின்கீழ், 10 முதல் 19 வயதுவரை உள்ள ஊரகப் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பொதிகள் என்ற அளவில் விலையில்லா நாப்கின் வழங்கத் தொடங்கியது. நடுவணரசு 2014இல் வளரிளம் பருவத்தினர்க்கென்றே தனி நலவாழ்வுத் திட்டம் கொண்டுவந்தது.

பொருள் வந்துவிட்டது. ஆனால் கடையில் அதே பொருளை நாம் விலைக்கு வாங்கினால், செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார்கள். அரிசியையும் பருப்பையும் அவ்வாறு தருவதில்லை. அந்தக் கறுப்புப் பையைப் பார்த்தே சிறுமி பாடம் கற்றுக்கொள்கிறாள். இரண்டு ஆண்டுப் பாடநூலைவிட அந்தப் பை அவளுக்கு உறுதியாகக் கற்பிக்கிறது.

இரு பெண்கள்

பூப்பெய்தியதும் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தப்பட்ட இரண்டு பெண்களைப் பற்றிக் கூறி என் உரையின் மையத்திற்கு வருகிறேன்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. பருவமெய்தியதும் பள்ளி நின்றது. ஆனால் கல்வி நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. பின்னர் ஆண்கள் படித்த கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளிவந்தார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்து குழந்தை மணத்திற்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் கண்டார். இன்று கருவுற்ற ஏழைத் தாய்மார்க்கு அரசு வழங்கும் உதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்தார் மற்றொரு பெண். பதின்மூன்று வயதில் பள்ளி நின்றது, வீட்டிற்குள் இருத்தப்பட்டார். ஊர் நூலகத்துப் புத்தகங்கள் அவருக்குத் துணையாயின. மணமான பின்னும் மறைவாக எழுதினார். எழுதியவற்றைத் தாயின் வழியாக வெளியே அனுப்பினார். சல்மா என்ற புனைபெயரில் அவருடைய கவிதைத் தொகுதி 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற புதினம் 2004இல் வந்தது. 2001இல் ஊராட்சித் தலைவரானார். 2025இல் மாநிலங்களவைக்கும் சென்றார்.

இருவருக்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல். குடும்பம் வேறு, சமயம் வேறு, காலம் வேறு. கதவு மட்டும் ஒன்றே. இருவருக்கும் அந்தக் கதவைத் திறந்தது எது? ஒருவருக்கு வீட்டில் நடந்த பாடம். மற்றவருக்கு நூலகப் புத்தகம். இரண்டும் சொற்களே. கதவுக்குப் பின்னால் இருந்த மற்ற ஆயிரம் பெண்களுக்கு அது கிட்டவில்லை; அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

நம் மரபின் பெரும்புலவர் இருவரைப் பற்றி வழங்கும் கதைகளையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கிறேன். ஔவை மணத்தைத் தவிர்க்க விநாயகரிடம் முதுமையைக் கேட்டுப் பெற்றாராம். காரைக்கால் அம்மையார் தம் அழகிய உடலை உதறிப் பேயுரு வேண்டினார் என்று பெரியபுராணம் சொல்லும். பக்தியின் பெருமையை இக்கதைகள் உணர்த்துகின்றன, அதில் ஐயமில்லை. கூடவே இன்னொன்றையும் உணர்த்துகின்றன. ஒரு பெண் தடையின்றி நடக்கவும் பாடவும் வேண்டுமானால் இளம்பெண்ணின் உடல் அவளுக்கு இடையூறு என்று நம் சமுதாயம் கருதியிருக்கிறது. இளமையைக் கொடுத்துத்தான் குரலை வாங்க வேண்டியிருந்தது.

முத்துலட்சுமி அம்மையார் ஆதரவற்ற பெண்களுக்காகத் தொடங்கிய இல்லத்திற்கு ஔவை இல்லம் என்று பெயரிட்டார். அதை நான் இப்படிப் பொருள் கொள்கிறேன்: முதுமையை வேண்டிப் பெறாமலே, பதின்மூன்று வயதிலேயே, இருக்கின்ற உடலோடு ஒரு பெண் மதிப்போடு வாழ ஓரிடம்.

வட்டத்திற்கு என் வேண்டுகோள்

இனி நாம் செய்யக்கூடியவற்றைக் கூறி முடிக்கிறேன். பெரிய தீர்மானங்கள் எதுவும் இல்லை.

முதலாவது: நம் மாதக் கூட்டங்களுள் ஆண்டுக்கு இரண்டையேனும் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளில் நடத்துவோம். மாணவியரை வாழ்த்துப் பாடவும் மாலை சூட்டவும் மட்டும் அழைக்காமல், எழுதியதைப் படிக்க அழைப்போம். அவர்கள் கவிதை யாப்பில் தவறியிருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம், முதலில் கேட்போம்.

இரண்டாவது: பூவிருந்தவல்லியில் பொதுச் சுகாதாரப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அருகில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அங்குள்ள மருத்துவரும் செவிலியரும் அறிவைத் தரட்டும். நாம் தமிழைத் தருவோம். வளரிளம் பெண்ணின் உடலையும் அதன் மாற்றங்களையும் கூசாமல் சொல்லும் சொற்களைத் தொகுத்துப் பதினாறு பக்கச் சிறுநூல் ஒன்றை நம் வட்டம் வெளியிடட்டும். அதில் பெண்குழந்தைகளுக்கு ஒரு பகுதியும் ஆண்குழந்தைகளுக்கு ஒரு பகுதியும் இருக்கட்டும். கறையைக் கண்டு சிரிக்கும் பையனுக்கும் சொல் தேவைப்படுகிறது.

மூன்றாவது கவிஞர்களுக்கு. கயல்விழி, கொடியிடை, பால்நிறம் என்று நாம் அடுக்கும் உவமைகளைக் கண்ணாடி முன் நிற்கும் ஒரு சிறுமி தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்பதை மறவாதீர்கள். பெண்ணுடலைப் பெண்களே எழுதியபோது நம் இலக்கிய உலகம் எவ்வாறு சினந்தது என்பதற்கு, 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுதி பெற்ற வரவேற்பே சான்று. வருணிக்கும்போது நாணாத நாம், அவர்கள் வலியைச் சொன்னபோது நாணினோம். இனிமேல் எழுதுகிறவர்கள் அந்த வலியையும், அந்தச் சோர்வையும், அந்த நான்கு நாளில் தாய் கொடுக்கும் வெந்நீரையும் எழுதுங்கள். தாலாட்டில் எழுதுங்கள்; கும்மியில் எழுதுங்கள்; பள்ளிச் சுவரில் எழுதத்தக்க எளிய வரிகளாக எழுதுங்கள்.

நான்காவது, இங்கு வந்துள்ள தாய் தந்தையர்க்கு. இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டில் 'விலக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விடாய்' என்று சொல்லிப் பாருங்கள். விலக்கு என்றால் பாயைத் தனியே போடத் தோன்றும். விடாய் என்றால் தண்ணீர்க் குவளையை எடுக்கத் தோன்றும்.

பாரி மகளிர் ஐந்து அடி பாடினார்கள். ஆறாவது அடியைப் பாட வேண்டியவர்கள் நம் ஊர்ப் பள்ளிகளில், இரண்டாம் பெஞ்சிலும் மூன்றாம் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து நிற்க அவர்கள் தயங்குவது பாட்டு வராததால் அன்று. பின்புறம் கறை பட்டிருக்குமோ என்ற அச்சத்தால். அந்த அச்சத்தை நீக்கும் பணி மருத்துவருடையது எவ்வளவோ, அவ்வளவுக்கு நம்முடையதும் ஆகும்.